ஏழாவது பகுதி

2011ல் பிபிசி காட்டிய 'ஃப்ரோஸன் பிளானெட்' ஏழு பகுதிகள் கொண்டது. முதல் ஐந்தில் துருவங்களின் விலங்குகள், பருவங்கள். ஆறாவதில் அங்கு வாழும் மனிதர்கள். ஏழாவதில்தான் பனி உருகுவது. அயல்நாட்டு நிலையங்களுக்கு விற்றபோது ஏழாவதை வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம் என்று தனியே வைத்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலையங்கள் வாங்கவில்லை. அமெரிக்காவின் டிஸ்கவரி, கண்டனம் எழுந்த பிறகே காட்டச் சம்மதித்தது.

வாங்காதவர்களை ஏசுவது சுலபம். கேள்வி வேறு. ஒரு பகுதியைக் கழற்றியபின்னும் மற்ற ஆறும் குறையின்றி நிற்கின்றன என்றால், அதிலிருந்த உண்மை தொடரின் உருவத்துக்குள் இருந்ததே இல்லை. பின்னிணைப்பாக ஒட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவே. ஏழாவது பகுதி நேர்மையானதுதான். ஆனால் ஆறு பகுதிகள் வெண்மையில் லயிக்கப் பழகிய பார்வையாளனுக்கு, உருகுவதும் இன்னொரு அழகிய காட்சி. உருகுவதைக் காமிராவால் காட்ட முடிகிறது. அதற்குக் காரணமான கரியமில வாயுவுக்கு முகமில்லை. நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கும் நம் அன்றாடம் சட்டகத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது.

பனிக்கரடிக் குட்டிகளை மிருகக்காட்சிசாலையில் படமெடுத்தார்கள் என்று அதே ஆண்டு பெருங்கூச்சல். அது சின்னப் பொய். அழகை ஒரு பொட்டலமாகவும் அதன் அழிவை இன்னொரு பொட்டலமாகவும் கட்டி விற்றதே பெரிய பொய்.