ஊட்டலும் ஊற்றலும்

எங்கள் அடுக்ககத்தின் பொங்கல் விழாவில் இந்த முறை ஒரு பொன்னாடை கூடுதலாக வந்திருந்தது. கோலப்போட்டிப் பரிசுகளும் சங்கச் செயலாளரின் நீண்ட நன்றியுரையும் முடிந்தபின், தாயில்லாப் பூனைக்குட்டிகளை எடுத்து வளர்க்கும் ஓர் இளைஞரை மேடைக்கு அழைத்துப் போர்த்தினார்கள். நானும் கை தட்டினேன். பின்னால் திரையில் அவருடைய ரீல்ஸ் ஓடியது. உள்ளங்கையில் மல்லாந்து கிடக்கிறது கண் திறக்காத ஒரு குட்டி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதன் தாடையைப் பிளக்க, ஊசி கழற்றிய சிரிஞ்சிலிருந்து பால் உள்ளே போகிறது. பின்னணியில் ஒரு தாலாட்டு. ஏற்புரையில் அவர் சொன்னார்: "குடிக்கத் தெரியாத குட்டியை நாமதான் குடிக்க வைக்கணும்." அதற்கு எழுந்த கைதட்டல் முந்தையதைவிடப் பெரிது. அதில் மட்டும் நான் சேரவில்லை.

கைவளர்ப்பின் மீது எனக்குப் பகை ஒன்றும் கிடையாது. தாய் வண்டியில் அடிபட்டுப் போய்விட்டால், பிறந்து மூன்று நாளான குட்டி மனிதக் கை இல்லாமல் தேறாது. முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் வேண்டும்; நடுராத்திரிக்கும் அதிலிருந்து விலக்கில்லை. அலாரம் வைத்து எழுகிறவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. பூனைக்குட்டிக்கென்றே தயாராகும் பால்பவுடர் இப்போது கடைகளில் கிடைக்கிறது, குட்டியைச் சமையலறைத் தராசில் நிறுத்து நோட்டில் எழுதி வைக்கிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். எல்லாம் நல்லதுதான். தாய் இரை தேடப் போயிருக்கும் நேரத்தில் குட்டிகளை 'அநாதை' என்று அள்ளிக்கொண்டு வருகிற அவசரக்காரர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். பூனை ஏழு வீடு மாற்றும் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அந்த இடமாற்றத்தின் நடுவில் ஒன்றைக் கவ்விப் போய் வைத்துவிட்டு அடுத்ததற்காகத் தாய் திரும்பி வரும்போது, அது யாரோ ஒருவருடைய ஷூ டப்பாவில் இருக்கும். அது இப்போதைக்கு இருக்கட்டும்.

குட்டி வளர்ப்பவர்கள் வட்டாரத்தில் ஓயாமல் நடக்கும் சண்டை, எந்தப் பால் என்பதுதான். பசும்பால் ஆகாது, அதில் லாக்டோஸ் இருக்கிறது என்பார்கள். பூனைப் பாலிலும் லாக்டோஸ் உண்டு, அளவில் பெரிய வித்தியாசமும் இல்லை. வித்தியாசம் புரதத்தில். பசும்பாலில் அது 3 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், பூனைப் பாலில் அதைப்போல இருமடங்குக்கு மேல். பூனைக்கு இன்றியமையாத டாரின் என்ற சத்தும் பசும்பாலில் சொற்பம். ஆவின் நீலப் பாக்கெட்டை வாங்கி, 'செரிக்கட்டும்' என்று அதில் பாதிக்குப் பாதி தண்ணீரும் கலக்கும்போது குட்டிக்குக் கிடைப்பது நிறைந்த வயிறும் பட்டினியும். பவுடர்தான் சரி, சந்தேகமில்லை. ஆனால் சரியான பவுடரைச் சரியான சூட்டில் கரைத்து, தவறான நேரத்தில் தவறான முறையில் ஊற்றிக் கொல்ல முடியும். நான் பார்த்த சாவுகளில் பல அப்படிப்பட்டவை. பாலைப் பற்றி இத்தனை பேச்சு எழுவதே அசல் கேள்வியிலிருந்து தப்பிக்கத்தானோ என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

அசல் கேள்வி, குட்டி ஏன் குடிக்க மறுக்கிறது என்பது. மேடையில் சொல்லப்பட்டதுபோல் 'தெரியாமல்' அல்ல. உறிஞ்சத் தெரியாமல் எந்தப் பூனைக்குட்டியும் முழுமாதத்தில் பிறப்பதில்லை. கண்ணும் காதும் மூடியிருக்கும்போதே முலையைத் தேடிப் போகும், பற்றும், இழுக்கும். தன்னைவிடப் பல மடங்கு பெரிய விலங்கின் வயிற்றை முன்னங்கால்களால் பிசைந்து பிசைந்து பாலை வரவழைத்துக்கொள்ளும் உயிர் அது. அது வாயை மூடிக்கொள்கிறது என்றால் உடம்பு ஏதோ சொல்கிறது. குளிர்ந்திருக்கலாம். நீர் வற்றியிருக்கலாம். இரண்டு நாளாக யாரும் அடிவயிற்றுக்குக் கீழே ஈரப்பஞ்சால் தடவிவிடாததால் மூத்திரப்பை புடைத்திருக்கலாம். தாய் நக்கிவிட்டால்தான் அந்த வயதுக் குட்டிக்கு ஒன்றும் இரண்டும் போகும் என்பதைப் பாதிப் பேர் கேள்விப்பட்டதே இல்லை. அண்ணம் பிளந்து பிறந்திருக்கலாம். ரப்பர் காம்பின் துளை சிறுத்துப்போய், இழுத்து இழுத்துக் களைத்திருக்கலாம். ஆக, வாயில் தெரிகிற சிக்கலுக்கு வேர் வேறெங்கோ இருக்கிறது. நாம் வாயைப் பிளக்கிறோம்.

இதில் முதலாவதாகச் சொன்ன குளிர்தான் என் பழைய வழக்கு. பிறந்த வாரத்தில் பூனைக்குட்டியின் உடல் வெப்பம் 35-லிருந்து 37 டிகிரிக்குள் இருக்கும், வளர்ந்த பூனைக்கு இருப்பதைவிடக் குறைவு. அதற்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் வராது. வெப்பம் 34 டிகிரியை ஒட்டி இறங்கிவிட்டால் உறிஞ்சும் அனிச்சை மங்கும், குடல் அசைவு நின்றுபோகும். அந்த நிலையில் உள்ளே போகும் பால் செரிக்காது. அங்கேயே தங்கும், திரியும், வயிறு பந்துபோல் ஊதும். குட்டி வாய் திறக்க மறுப்பது அதன் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் கடைசி வேலை. அதையும் நாம் சிரிஞ்சை நுழைத்து முறியடிக்கிறோம்.

"சென்னையில் ஏது சார் குளிர்?" என்று சிரிப்பார்கள். நமக்கு 25 டிகிரி இதம். நூறு கிராம் எடையும் பூஞ்சை ரோமமுமாய்க் கிடக்கும் ஒன்றுக்கு அது குளிர்தான். முதல் வாரத்தில் அதைச் சுற்றி 30 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். தாயின் வயிறும் கூடப்பிறந்தவற்றின் குவியலும்தான் அந்த வெப்பம். ஒற்றைக் குட்டியை மொசைக் தரையில் ஒரு துண்டின்மேல் வைத்து, மேலே ஃபேனையும் போட்டுவிட்டு, 'குடிக்க மாட்டேங்குது' என்று மருத்துவருக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறார்கள்.

அடுத்தது மல்லாத்துவது. இதன் மூலம் நம் வீட்டுக் கூடத்திலேயே இருக்கிறது. நீட்டிய கால்மேல் குழந்தையைப் போட்டு, பாலாடையிலோ சங்கிலோ பால் புகட்டிய கை நம்முடையது. அந்தக் கைக்குப் பூனைக்குட்டி கிடைத்ததும் அதையும் பிள்ளையாக்கி மல்லாத்துகிறது. பிள்ளைக்குத் தலையை உயர்த்திப் பிடிக்க வேண்டும் என்று அந்தக் காலத்துக் கைக்குத் தெரியும். பூனைக்குட்டி குப்புறப் படுத்துக் குடிக்கும் பிராணி. தலை சற்றே நிமிர்ந்து, வயிறு தரையில், கால்கள் எதையாவது உதைத்துக்கொண்டு. அதை மல்லாத்தி ஊற்றினால் பால் மூச்சுக்குழாய்க்குப் போகும். நமக்குப் புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டுவோம், இருமித் தீர்ப்போம். பிறந்து பத்து நாள்வரை பூனைக்குட்டிக்கு ஓங்கரிக்கும் அனிச்சைகூட முழுதாக வந்திருக்காது. சத்தமே இல்லாமல் நுரையீரலில் பால் இறங்கும். மூக்கில் ஒரு குமிழ் வரும், அவ்வளவுதான். மறுநாள் மூச்சு வாங்கும். 'நல்லாத்தானே குடிச்சுது' என்பார்கள்.

வைணவத்தில் தென்கலையார் சொல்லும் மார்ஜார நியாயம் நினைவுக்கு வருகிறது. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும், பூனைக்குட்டி ஒன்றும் செய்யாமல் கிடக்கும், தாயே கவ்விக்கொண்டு போவாள்; சரணாகதிக்கு அதுவே உவமை. தூக்கிப் போவதற்கு உவமை பொருந்தும். பால் குடிப்பதில் மட்டும் பூனைக்குட்டியும் குரங்குக் கட்சிதான். பற்றுவதும் உறிஞ்சுவதும் விழுங்குவதும் இடையில் மூச்சு விடுவதும் அதன் வேலை, அதன் தாளம். சிரிஞ்சை அழுத்துகிறவர் அந்தத் தாளத்தைத் தன் கட்டைவிரலுக்கு மாற்றிக்கொள்கிறார். நூறு கிராம் குட்டியின் இரைப்பை ஒரு தேக்கரண்டிக்குக் குறைவாகத்தான் கொள்ளும். பத்து மில்லி சிரிஞ்சைக் கையில் வைத்திருப்பவர் எங்கே நிறுத்துவார்?

விழா முடிந்து லிஃப்டுக்குக் காத்திருந்தபோது அந்த இளைஞரிடம் இதையெல்லாம் பாதியாவது சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "ராத்திரி முழுக்க ஒரு சொட்டு இறங்கலைன்னா என்ன சார் பண்றது? செத்துப்போகட்டும்னு விடறதா? ரோட்டுல கெடந்திருந்தா எப்படியும் செத்திருக்கும்" என்றார். நல்ல கேள்வி. ஆனால் அந்த ரோட்டோடு ஒப்பிடுவதில்தான் இந்த வழக்கம் முழுவதும் ஒளிந்துகொள்கிறது. எதைச் செய்தாலும் ரோட்டைவிட மேல் என்றால் யாரும் எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பிழைத்தால் நம் அன்பு, செத்தால் அதன் விதி. ஒப்பிட வேண்டியது வெந்நீர் ஊற்றித் துண்டில் சுற்றிய ஒரு பழைய பாட்டிலோடு. அவர் வீட்டிலேயே அது இருந்திருக்கும்.

உண்மையிலேயே உறிஞ்ச வலுவில்லாத குட்டிக்குக் குழாய் வழியாக இரைப்பைக்கே பால் செலுத்துவது உண்டு. மருத்துவர் கடைசி விலா எலும்புவரை அளந்து குழாயில் குறி போட்டுக்கொண்டு செய்கிற வேலை அது. குளிர்ந்து கிடக்கும் குட்டிக்கு அவரும் அதைச் செய்ய மாட்டார். அமெரிக்காவில் 'கிட்டன் லேடி' என்று பெயர் பெற்ற ஹன்னா ஷாவின் காணொளிகளைப் பார்த்துத்தான் இந்தத் தலைமுறையில் பலர் புட்டியைக் கையில் எடுத்தார்கள். முதலில் சூடு, குப்புறப் படுக்க வைத்து ஊட்டு, தராசில் நிறு என்பதுதான் அவருடைய பாடம். இங்கே வந்து சேர்ந்தது புட்டி மட்டும். காரணம் எளிது. பால் ஊற்றுவதைப் படம் பிடிக்கலாம். அட்டைப்பெட்டியில் இரண்டு மணி நேரம் ஒரு குட்டி சும்மா கிடந்து மெல்லச் சூடாவதை யார் பார்ப்பார்கள்? அதற்குத் தாலாட்டும் ஒட்டாது. இப்படிச் சொல்வது கடுமையாக இருக்கலாம். எனக்கு இந்த விஷயத்தில் பொறுமை போய்ப் பல வருஷம் ஆகிறது.

நானும் ஒன்றைக் கொன்றவன் என்பதால் போனது அது. ஒரு நவம்பர் மழையில் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் நனைந்து கிடந்த சாம்பல் வரிக்குட்டி. கையில் எடுத்தபோது ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கத்திரிக்காய்போல் இருந்தது. பசிதான் என்று முடிவு செய்தேன். பசித்த உயிருக்கு எதையாவது கொடுத்துவிட வேண்டும் என்றுதானே வளர்ந்திருக்கிறோம். இங்க் ஃபில்லரில் பால். ஐந்தாவது துளியில் மூக்கில் குமிழ் வந்தது. ஆறாவதையும் ஊற்றினேன். விடிவதற்குள் முடிந்துவிட்டது. வயிறு மட்டும் கெட்டியாக, நிறைந்திருந்தது.

அடுத்த ஆண்டு கிடைத்த செவலைக்குட்டியும் அதே சில்லிப்புதான். இம்முறை பாலைத் தொடவில்லை. பிளாஸ்டிக் பாட்டிலில் வெந்நீர், சுற்றிலும் இரண்டு மடிப்புத் துண்டு, குட்டி தானே விலகிப் போக டப்பாவில் ஒரு பக்கம் காலி. அவசரமாகச் சூடேற்றினாலும் ஆபத்து என்பதால் ஹேர் டிரையரை எடுத்த மகளைத் தடுத்தேன். "பசிக்கும்ப்பா, பாவம்" என்று அவள் அழுதாள். அரை மணிக்கொரு தரம் சுண்டுவிரல் நுனியை அதன் வாய்க்குள் வைத்துப் பார்த்தேன். முதல் முறை உள்ளே சில்லென்று இருந்தது. இரண்டாம் முறையும் அப்படித்தான். மூன்றாம் முறை நாக்கு வெதுவெதுப்பாக இருந்தது, அசைவு இல்லை. நான்காவது முறை விரலைச் சுற்றி நாக்கு குழாய்போல் மடிந்தது; இழுத்தது பாருங்கள், அந்தச் சின்னத் தொண்டையில் அவ்வளவு பலம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. முன்னங்கால் இரண்டும் என் மணிக்கட்டைப் பிசைய ஆரம்பித்திருந்தன. மணி நாலே கால். மகள் கதவில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள். பால் இன்னும் கரைக்கவே இல்லை.