ஸ்விட்ச்சின் முதுகு

போன ஐப்பசியில் எங்கள் வீட்டில் இரண்டு நாளாக மீன் கவிச்சி அடித்தது. மீன் வாங்கியே ஒரு வாரம் ஆகியிருந்தது. சமையலறை, சாக்கடை எல்லாம் அலசிப் பார்த்தாயிற்று. மூன்றாம் நாள் காலை கீசர் ஸ்விட்ச்சில் கை வைத்த அம்மா வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அப்படி ஒரு சூடு. மெயினை அணைத்துவிட்டுக் கழற்றினோம். முகம் வாங்கிய அன்று இருந்த மாதிரியே பளபளத்தது. முதுகில், வயர் நுழையும் துளையை ஒட்டி, பிளாஸ்டிக் பழுப்பேறிக் கொப்பளித்திருந்தது. வயரின் சிவப்பு உறை அரை அங்குலத்துக்குக் கரிந்து உதிர்ந்தது. செம்பு இழைகளில் பாதி, திருகுக்குள் போகாமல் வெளியே விரிந்து நின்றன. மீன் வாடை என்று நாங்கள் தேடியது சூடேறிய பிளாஸ்டிக்கின் நெடி.

கடையில் ஸ்விட்ச் வாங்கும்போது நாம் பார்ப்பது நிறம், பளபளப்பு, தட்டினால் வரும் சத்தம் இவ்வளவுதான். இவை எதுவும் ஸ்விட்ச்சின் தரத்தைச் சொல்வதில்லை. ஸ்விட்ச்சுக்கு இரண்டே வேலை. சேர்க்கும்போது இறுக்கமாகச் சேர்க்க வேண்டும். பிரிக்கும்போது முழுதாகப் பிரிக்க வேண்டும். பியானோ ஸ்விட்ச், மாடுலர், டச் என்று வீட்டில் எது இருந்தாலும், காரின் டாஷ்போர்டில் எது இருந்தாலும், இந்த இரண்டை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

முதலில் சேர்ப்பது. 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கிறது. தளர்ந்த இணைப்பில் ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு மின்தடை இருந்தால் போதும், அந்த ஒரு புள்ளியில் ஏழரை வாட் வெப்பம் பிறக்கும். காற்றுப் போக வழியில்லாத பெட்டிக்குள் அது தங்கித் தங்கிச் சேர்கிறது. அதே தளர்ச்சி 9 வாட் எல்இடி பல்பின் ஸ்விட்ச்சில் இருந்தால், ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு வெப்பம்கூட வராது. மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதால் வரும் வித்தியாசம் இது. எல்இடி வந்த பிறகு விளக்கு ஸ்விட்ச்சுகளின் மோசமான இணைப்புகள் வருடக்கணக்கில் வெளியே தெரியாமல் கிடக்கின்றன. விளக்கு எப்போதாவது சிமிட்டும். நாமும் பல்பை மாற்றிவிட்டுப் போய்விடுவோம்.

இனி பிரிப்பது. இதுதான் கடினமான வேலை. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது இரு முனைகளை விலக்கினால் நடுவில் தீப்பொறி எழும். மெதுவாக விலக்கினால் பொறி நீண்டு முனைகளைத் தின்றுவிடும். நியூகாசிலைச் சேர்ந்த ஜான் ஹென்றி ஹோம்ஸ் 1884இல் இதற்கு வழி கண்டார். விரல் எவ்வளவு மெதுவாக நகர்ந்தாலும் முனைகள் மட்டும் சட்டென்று பிரியும்படி செய்தார். பழைய பியானோ ஸ்விட்ச் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். ஊஞ்சல் பலகை மாதிரி ஒரு பித்தளைத் தகடு, நுனியில் மிளகை விடச் சிறிய வெள்ளிக் கலவைப் பொட்டு, மேலே அழுத்தும் ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங் நடுப்புள்ளியைத் தாண்டும்வரை தகடு அசையாது. தாண்டியதும் ஒரே துள்ளல். ஸ்பிரிங் சோர்ந்துபோன ஸ்விட்ச்சைப் போடும்போது உள்ளே சரசரவென்று ஒரு சத்தம் கேட்கும். அதை அப்போதே மாற்றிவிட வேண்டும்.

வீட்டு மின்சாரத்துக்கு ஒரு சலுகை உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானே அணைய இடம் கிடைக்கிறது. காரின் 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் அது இல்லை. மாமாவின் பழைய காரில் ஹெட்லைட் மங்கிக்கொண்டே போனபோது அதன் ஸ்விட்ச்சை மெக்கானிக் பட்டறையில் திறந்து பார்த்தோம். ஒரு முனையில் குண்டூசி குத்திய மாதிரி குழி, எதிர்முனையில் அதே அளவுக்கு ஒரு மேடு. மின்சாரம் எப்போதும் ஒரே திசையில் ஓடியதால், ஒன்றிலிருந்து சுரண்டிய உலோகத்தை மற்றதில் ஒட்டிவைத்திருந்தது. 55 வாட் பல்பு இரண்டு என்றால் 9 ஆம்பியருக்கு மேல். அத்தனையும் அந்தக் குழி வழியாகத்தான் போயிருக்கிறது. சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் ரிலே ஒன்றை நடுவில் வைத்ததும் ஸ்விட்ச்சுக்கு மிஞ்சிய சுமை ரிலேயின் கம்பிச்சுருள் இழுக்கும் சொற்ப மின்சாரம் மட்டும். இனி ரிலே தேய்ந்தால் அதை மட்டும் பிடுங்கி வேறொன்று செருகலாம்.

புதிய கார்களில் ஸ்விட்ச் சேதி மட்டும் சொல்கிறது. விளக்கைப் போடுவது கம்ப்யூட்டர். பொறிப் பிரச்சினை தீர்ந்தது உண்மைதான். ஆனால் சில மில்லிஆம்பியர் மட்டும் ஓடும் முனையில் படியும் கறையை எரித்துச் சுத்தம் செய்யப் பொறியும் இல்லை. அதனால் இந்த ஸ்விட்ச்சுகள் கறை படிந்தே பழுதாகின்றன. கான்டாக்ட் கிளீனர் அடித்ததும் உயிர் பெறும் கார் ஸ்விட்ச்சுகள் பலவும் இந்த ரகம். ஒரு பக்க விளக்கு மட்டும் மங்கினாலோ, இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து துடித்தாலோ ஸ்விட்ச்சைக் குறை சொல்ல வேண்டாம். பாடியோடு சேரும் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றித் துருவைத் தேய்த்தால் அநேகமாகத் தீர்ந்துவிடும்.

வீட்டில் இப்போது டச் ஸ்விட்ச் மோகம். அழகும் வசதியும் இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் பெரியவர்கள் ரிமோட்டில் விளக்கைப் போட முடிகிறது என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பிரிக்கும் வேலையில் இவற்றில் பல தோற்கின்றன. உள்ளே ரிலே இல்லாமல் டிரையாக் என்ற குறைக்கடத்தி மட்டும் இருந்தால், அணைத்த பிறகும் கொஞ்சம் மின்சாரம் கசியும். நியூட்ரல் வயர் இல்லாமலே மாட்டலாம் என்று விற்கும் வகையோ, தன் சர்க்யூட் உயிரோடிருக்கத் தேவையான மின்சாரத்தை பல்பு வழியாகவே இழுக்கிறது. இரவில் அணைத்த எல்இடி மினுக்கென்று எரிவதற்கு இது ஒரு காரணம். மின்னல் வெட்டும் இரவில் ஒரு சர்ஜ் வந்தால், பலகை முழுவதும் ஒரே அடியில் போய்விடக்கூடும். அதில் உள்ள அத்தனை விளக்கும் இருட்டு.

அணைத்தும் மினுங்குவதற்கு இன்னும் மோசமான காரணம் ஒன்று உண்டு. ஸ்விட்ச்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருப்பார்கள். விளக்கு வழக்கம்போல் எரியும், அணையும். ஹோல்டரில் மட்டும் 230 வோல்ட் எப்போதும் காத்திருக்கும். ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாற்றுகிறவரின் உயிர் சம்பந்தப்பட்ட தவறு இது. நியான் டெஸ்டர் மினுங்குவதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. பக்கத்து வயரின் தூண்டலுக்கும் அது மினுங்கும். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்கத் தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீடு என்றால் மெயினை அணைத்தது போதாது. இன்வெர்ட்டர் லைன் உயிரோடுதான் இருக்கும்.

என் தீர்ப்பு இது. வீட்டு விளக்குக்கும் ஃபேனுக்கும் சாதாரண மாடுலர் ராக்கர் ஸ்விட்ச். முதுகில் ஐஎஸ்ஐ முத்திரையும் 6 ஆம்பியர் என்ற எழுத்தும் இருக்க வேண்டும். கீசருக்கு 16 ஆம்பியருக்குக் குறையாமல், முடிந்தால் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துப் பிரிக்கும் டபுள் போல் ஸ்விட்ச். டச் ஸ்விட்ச் வேண்டுமென்றால் ரிலே உள்ளதாக, ஓரிரு விளக்குக்கு மட்டும். காரில் ஹெட்லைட் மின்சாரம் நேராக ஸ்விட்ச் வழியே ஓடினால் ரிலே கட்டாயம். மாடுலரிடம் எனக்கு ஒரு குறை இருக்கிறது. ஒரு கம்பெனியின் ஸ்விட்ச் பெரும்பாலும் இன்னொன்றின் சட்டத்தில் உட்காராது. பியானோ ஸ்விட்ச்சில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. ஒரே ஒரு ஸ்விட்ச் பழுதானதற்காக முழுப் பலகையையும் மாற்ற வைப்பது அநியாயம். ஆனாலும் பிரிப்பதிலும் சேர்ப்பதிலும் மாடுலர் பழுதில்லாததால் அதற்கே என் வாக்கு.

எங்கள் கீசருக்கு டபுள் போல் போட்டாயிற்று. இழைகளை முறுக்கி, வயர் நுனியில் லக் வைத்து அழுத்தி, திருகை இறுக்கினார் எலக்ட்ரீஷியன். ஒரு மாதம் கழித்து, சொன்னபடியே வந்து, மெயினை அணைத்துவிட்டுத் திருப்புளியை வைத்துப் பார்த்தார். கால் சுற்று இறங்கியது.