வடாலாவின் மஞ்சள் கட்டைகள்

மும்பைக்கு விருந்தாளி வந்தால் எல்லோரும் கேட்வே ஆஃப் இந்தியாவையும் மரைன் டிரைவையும் காட்டுவார்கள். நான் வடாலாவில் தண்டவாளக் கட்டைகளுக்குப் பூசிய மஞ்சள் பெயிண்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். வடிவமைப்பு ஆய்வினால் சாமானியருக்கு என்ன பிரயோஜனம் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போகும். அப்படி ஒரு அபாரமான வேலை அது!

மும்பை லோக்கல் ரயில் பாதைகளில் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் சராசரியாக நாளொன்றுக்குப் பத்துப் பேர் செத்துக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு மேல் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தவர்கள். சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில் பக்கம் குடியிருக்கும் எங்களுக்கு இது பேப்பரில் படிக்கிற செய்தி அல்ல, பக்கத்து வீட்டுத் துக்கம். சட்டம் இல்லாமலா இருந்தது? 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவு ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. சுவர் எழுப்பினார்கள், சுவரில் ஓட்டை விழுந்தது. பலகை வைத்தார்கள், ஜனங்கள் அதைத் தாண்டிப் போனார்கள். ‘இவங்களுக்கு எத்தனை சொன்னாலும் புத்தி வராது’ என்று கைகழுவிவிடுவதுதான் வழக்கமாக இருந்தது.

2010 வாக்கில் ஃபைனல்மைல் என்ற மும்பை நிறுவனம் இதைக் கையிலெடுத்தது. மனித நடத்தையை ஆராய்வதுதான் பிஜு டொமினிக்கும் அவருடைய கூட்டாளிகளும் நடத்திய அந்த நிறுவனத்தின் தொழில். வடாலாவைச் சோதனைக் களமாக எடுத்துக்கொண்டு, கடக்கிறவர்களைக் கவனித்தார்கள். ஜனங்களுக்குப் புத்தி இல்லை என்ற முடிவோடு அவர்கள் வரவில்லை பாருங்கள், அதற்கே கும்பிடலாம். ரயில் கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்குக் கேட்கிறது, உயிர்மேல் ஆசையும் இருக்கிறது. பிறகு ஏன் கால் வைக்கிறான்? அந்த ஒரு சில நொடிகளில் அவன் கண்ணிலும் காதிலும் என்னதான் நடக்கிறது? இதுதான் அவர்கள் கேள்வி.

கண்ணுக்கு விடை ஹெர்ஷல் லைபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளரிடம் இருந்தது. உருவம் பெரிதாக இருந்தால் அது மெதுவாக வருவதுபோலவே நம் கண்ணுக்குப் படும் என்று அவர் 1985இல் எழுதியிருந்தார். பெரிய விமானம் ஆடி அசைந்து இறங்குவதுபோலவும் சின்ன விமானம் பறந்தடித்து வருவதுபோலவும் தோன்றும் அல்லவா, அதேதான். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம் என்றால் ரயில் ஒரு நொடியில் 20 மீட்டர் வந்துவிடும். 200 மீட்டர் தள்ளி நிற்கிறது என்று நாம் நினைக்கிற வண்டி பத்தே நொடியில் நம் தலைமேல். கண்ணோ ‘இன்னும் நேரம் இருக்கு, போ’ என்கிறது.

இதற்கு அவர்கள் செய்த வைத்தியம்தான் மஞ்சள் பெயிண்ட். தண்டவாளக் கட்டைகளில் சிலவற்றுக்குப் பளீரென்று மஞ்சள் அடித்தார்கள். ரயில் வர வர மஞ்சள் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அதன் அடியில் மறையும். அவை மறைகிற வேகம்தான் ரயிலின் வேகம். யாரும் எதையும் படிக்க வேண்டாம், கணக்குப் போட வேண்டாம். கால் தானாக நிற்கும். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் பெரியம்மாவுக்கு இதை மூச்சுவிடாமல் விளக்கினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஏலே, அப்ப ரயிலு எம்புட்டு வேகமா வருதுன்னு தரையே சொல்லிருதுன்னு சொல்லு” என்றாள். ஆய்வறிக்கைகூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்காது!

அடுத்தது படம். பழைய எச்சரிக்கைப் பலகைகளில் இருக்கும் குச்சி மனிதனைப் பார்த்து யாருக்குப் பதறும்? இவர்கள் வைத்தது ஒரு மனிதனின் நிஜ முகம், அடுத்தடுத்து மூன்று புகைப்படங்களாக. ரயில் நெருங்க நெருங்க அந்த முகம் மாறுகிறது. கடைசிப் படத்தில் கண் பிதுங்கி, வாய் பிளந்து, அலறுகிற முகம். கீழே ஒரு வரி எழுத்து தேவையில்லை. தமிழன், மராத்திக்காரன், பீகாரி, எந்த மொழிக்காரனுக்கும் அடிவயிற்றில் சுரீரென்று இறங்கும். இத்தனை மொழி பேசும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பலகை உண்டா?

எனக்கு ரொம்பப் பிடித்தது ஹாரன் விஷயம். மோட்டர்மேன்கள் நீளமாக ஒரே மூச்சில் ஹாரன் அடிப்பார்கள். இரைச்சலிலேயே வாழ்கிற மும்பைக்காரன் காதுக்கு அது இன்னொரு இரைச்சல், அவ்வளவுதான். ஒரு சத்தம் விட்டுவிட்டு வந்தால்தான் மூளை திடுக்கிட்டுத் திரும்பும். அதனால் கடக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் பலகை நட்டு, அந்த இடத்தில் இரண்டு குட்டி ஹாரன் அடிக்கச் சொன்னார்கள். இரண்டுக்கும் நடுவே சின்ன மௌனம். புது ஹாரன் வாங்கவில்லை, ஒலியைக் கூட்டவில்லை. அடிக்கிற விதத்தையும் இடத்தையும் மாற்றினார்கள், அவ்வளவே! அந்த இடைவெளியில் ஓர் உயிரைப் பிடித்து நிறுத்தலாம் என்று கண்டுபிடித்தவர்களை எப்படிப் பாராட்டாமல் இருப்பது?

பெயிண்ட், சில பலகைகள், மூன்று போட்டோ, ஹாரனில் ஒரு சின்ன மாற்றம். இவ்வளவுதான் செலவு. சோதனை நடந்த இடத்தில் சாவு ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகக் குறைந்தது என்று அப்போது செய்திகள் வந்தன. இதனால் நடைமேம்பாலம் வேண்டாம் என்றாகிவிடாது. மூட்டை சுமக்கிறவரும் முழங்கால் வலிக்காரரும் ஏற வசதியாகப் பாலமும் எஸ்கலேட்டரும் கட்டியே ஆக வேண்டும். ஆனால் பாலத்துக்கு டெண்டர் விட்டு, தூண் எழும்பி, திறப்பு விழா நடக்கிற வரைக்கும் ஜனங்கள் கடந்துகொண்டேதான் இருப்பார்கள். அந்த வருஷங்களுக்கு இப்போதே ஒரு டப்பா மஞ்சள் பெயிண்ட் வாங்கலாம். சென்னையில் தாம்பரம் மார்க்கத்திலும் ஜனங்கள் தண்டவாளம் கடக்கத்தான் செய்கிறார்கள். அங்கே எந்த ரயில்வே அதிகாரி முன்வந்தாலும் சரி, பிரஷ் பிடிக்க நான் வருகிறேன்.