கடைசி ‘டக்’

எங்கள் தோட்டத்துக் கிணற்று மோட்டார் ஒருநாள் நின்றுபோனது. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தால் கருகல் வாடை. மூன்று முனைகளில் ஒன்றில் ஒயர் நுனியில் மாட்டிய லக் கறுத்து, ஒயரின் உறை உருகிச் சுருண்டிருந்தது. ஸ்க்ரூ இறுக்கமாகத்தான் இருந்தது. ஒயரைப் பிடித்து லேசாக இழுத்தேன். ஒயர் தனியாகக் கையோடு வந்தது. யாரோ கட்டிங் பிளேயரால் நசுக்கிவிட்டுப் போன வேலை. அந்த யாரோ நான்தான்.

நசுக்குவது வேறு, லக் அடிப்பது வேறு. ஒழுங்காக அடித்த லக்கை ஹாக்ஸா பிளேடால் குறுக்கே அறுத்து, அரத்தால் தேய்த்துப் பாருங்கள். உருண்டையாக இருந்த செம்பு இழைகள் ஒன்றையொன்று நெருக்கி, தேனடை மாதிரி பட்டை பட்டையாக ஒட்டிக்கிடக்கும். இடுக்கில் காற்று புக வழியில்லை. காற்று புகாத இடத்தில் களிம்பும் ஏறாது. அதற்குப் பதில் ஈயம் வைத்துப் பற்றவைத்தால் இழைகளுக்குள் ஈயம் ஏறி விறைத்துவிடும், அதிர்வில் அந்த இடம் முறியும். 1941இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆம்ப் நிறுவனம், ஈயமே வேண்டாத இந்த லக்குகளை விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் செய்துதான் பேர் வாங்கியது.

லக் அடிக்கும் கிரிம்பிங் டூல் கேட்டால் கடைக்காரர் கைப்பிடியின் மெத்தென்ற ரப்பரைக் காட்டுவார். நான் தாடையைப் பார்ப்பேன். சிவப்புப் புள்ளி 1.5 ஸ்கொயர் மில்லிமீட்டர் வரை, நீலம் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6. தாடையை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மேல் பள்ளமும் கீழ்ப் பள்ளமும் பிசகாமல் உட்கார வேண்டும். மயிரிழை விலகினாலும் லக்கின் ஓரத்தில் தகடு பிதுங்கும். பள்ளத்தின் ஒரு பாதி இறுக்கம், மறுபாதி சற்றுத் தாராளம். இறுக்கம் செம்புக்கு, தாராளம் உறைக்கு. திருப்பி வைத்து அடிப்பவர்களே அதிகம். உறையில்லாத லக்கான தம்பிளுக்கு இந்தத் தாடை ஆகாது, குத்திப் பதிக்கும் தாடை வேண்டும். ஒயர் சீவ ஒரு ஓட்டை, போல்ட் வெட்ட ஒரு ஓட்டை என்று எல்லாம் வைத்த தகட்டு இடுக்கி ஒன்று விற்கிறார்களே, அதை நான் வீட்டுக்குள் விடுவதில்லை.

ஆனால் என் மனதைப் பறித்தது ராட்செட்தான். அழுத்த அழுத்தப் பல் பல்லாக ஏறும். முழு அழுத்தம் சேரும்வரை வாய் திறக்காது. கை சலித்தாலும் விடாது, அவசரம் என்றாலும் விடாது. கடைசிப் பல்லைத் தாண்டி ‘டக்’கென்று அது தானாகத் திறக்கும்போது உள்ளங்கைக்கே தெரியும், வேலை முடிந்ததென்று. சாயங்காலம் அடித்த நாற்பதாவது லக்கும் காலையில் அடித்த முதல் லக்கும் ஒரே அச்சாக இருக்கும். க்னிபெக்ஸ் மாதிரி ஜெர்மன் சரக்கு கையில் மிருதுவாக இயங்கும், உண்மைதான். ஆனாலும் தாடை பொருந்தி, ராட்செட் ஏமாற்றாமல் இருந்தால் நம்மூர் டூலே போதும்.

வாங்கப் போகும்போது உங்கள் ஒயரில் ஒரு சாண் துண்டும் நாலு லக்கும் எடுத்துப் போங்கள். அங்கேயே அடித்து, பலம்கொண்டமட்டும் இழுத்துப் பாருங்கள். விரல் மாட்டிக்கொண்டால் ராட்செட்டை விடுவிக்கிற சின்ன நெம்பு எங்கே இருக்கிறது என்பதையும் மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.