ஷரஃபுத்தீன் தூஸியின் சமன்பாட்டு நூல்: ஒரு மறுவாசிப்பு

தூஸி என்றதும் வானியல் மேதை நஸீருத்தீனே நம் நினைவுக்கு வருகிறார். அவருக்கு முந்தியவரான ஷரஃபுத்தீன் தூஸியின் சமன்பாட்டு நூலை, அரபு மூலத்தோடும் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடும் ருஷ்தீ ராஷித் 1986இல் பாரிஸில் பதிப்பித்தார். அந்நூலை நாம் போற்றுமளவுக்குப் படித்திருக்கிறோமா என்பதே என் வினா.

முப்படிச் சமன்பாடுகளின் தீர்வைக் கூம்பு வெட்டுகள் சந்திக்கும் புள்ளிகளில் கண்டவர் உமர் கையாம். தீர்வு உண்டா, உண்டெனில் எத்தனை என்பதை முறையாக ஆராய்ந்தவர் தூஸி. ஓர் எடுத்துக்காட்டு: ஓர் எண்ணின் கனத்தோடு 5ஐக் கூட்டினால், அவ்வெண்ணின் வர்க்கத்தைப் போல் மும்மடங்கு வருமா? மிகை எண்களில், வர்க்கத்தின் மும்மடங்கிலிருந்து கனத்தைக் கழித்தால் கிடைக்கும் உச்ச மதிப்பு 4. எண் 2 ஆகும்போது அது நிகழ்கிறது. ஆகவே 5க்குத் தீர்வில்லை, 4க்கு ஒன்று, 2க்கு இரண்டு.

இந்த உச்சத்தைத் தூஸி வகைக்கெழுவின் வழியே கண்டார் என்பது ராஷிதின் கருத்து. பழைய வடிவியல் முறையே அதற்குப் போதுமென ஹோஹண்டைக் 1989இல் மறுத்தார். நூலில் உச்சப் புள்ளி தரப்படுகிறது, நிறுவவும் படுகிறது. கண்டடைந்த வழி மட்டும் சொல்லப்படவில்லை. சொல்லாததை ஆசிரியர் மேல் ஏற்றுவது மரியாதையாகாது. எனவே ஹோஹண்டைக்கின் நிதானமே எனக்கு ஏற்புடையது.

இதனால் தூஸியின் மதிப்பு குறையாது. ‘தீர்வில்லை’ என்ற அவர் முடிவு மிகை எண்களின் எல்லைக்குள் முற்றிலும் சரி. எல்லை விரிந்தால் விடையும் விரிகிறது. கலப்பெண் தளத்தில் அதே சமன்பாட்டுக்கு மூன்று பூச்சியங்கள் உள: ஒன்று குறை எண், மற்ற இரண்டும் மெய்யெண்கள் அல்ல. 1862இல் ரூஷே தந்த தேற்றம் அவற்றைக் கண்டுபிடிக்காமலே எண்ணித் தருகிறது. ஆதியை மையமாகக் கொண்ட, 4 அலகு ஆரமுள்ள வட்டத்தின் மீது கன உறுப்பின் அளவு 64. மற்ற உறுப்புகள் சேர்ந்தும் 53ஐத் தாண்டா. எனவே கன உறுப்புக்குத் தனியே உள்ளவாறே, முழுக்கோவைக்கும் வட்டத்தினுள் மூன்று பூச்சியங்கள்.

தூஸியிடமிருந்து ரூஷே கற்றார் என்று சொல்ல ஆதாரமில்லை. தேடுமுன் எண்ணிப் பார்க்கும் நோக்கில் இருவரும் நெருங்குகின்றனர்; அவ்வளவே. ‘எல்லாம் நம்மவர் கண்டது’ என்னும் மேடைப் பேச்சு இந்த நுட்பத்தை மறைத்துவிடுகிறது. அரபு அறிந்த நம் மாணவர் கணிதத்தையும், கணிதம் அறிந்தோர் அரபையும் கற்று அந்நூலைத் திறப்பதே தூஸிக்கு நாம் செய்யும் உண்மையான சிறப்பு.