சுரங்கத் தொழிலாளி மகளின் குரல்

கலை மக்களிடம் பிறக்கிறது. விலை குறிப்பதோ சந்தை. அமெரிக்கக் 'கன்ட்ரி' இசைப் பாடகி லொரெற்றா லின்னின் (1932–2022) இசைத்தட்டு வாழ்வை இவ்வுண்மை கொண்டே நாம் மதிப்பிடல் வேண்டும்.

கென்ரக்கி மாநிலத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகளான அவர், பதினைந்து வயதில் மணம்புரிந்து, இருபது வயதளவில் நான்கு பிள்ளைகளுக்குத் தாயானார். 1960 இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. வெறுங் காதற் சோகத்தோடு நில்லாது குடிகாரக் கணவனையும், ஓயாத பிள்ளைப்பேற்றையும், மணவிலக்குப் பெற்ற பெண்மீது சமூகம் சுமத்தும் பழியையும் அவர் பாடுபொருளாக்கினார்.

கருத்தடை மாத்திரை பற்றி அவர் 1972 இல் பதிவுசெய்த பாடலை நிறுவனம் 1975 வரை வெளியிடவில்லை. வெளிவந்தபோது வானொலி நிலையங்கள் பல அதனை ஒலிபரப்ப மறுத்தன. ஆயினும் கன்ட்ரி இசைப் பட்டியலில் அது ஐந்தாம் இடத்தை எட்டியது. தன் உடலைத் தானே ஆள விழையும் உழைக்கும் பெண்ணுக்கன்றோ அவர்கள் அஞ்சினர்!

எனினும் குறையை மறைப்பது விமர்சனமாகாது. 1970 இல் வந்த 'நிலக்கரித் தொழிலாளியின் மகள்' என்னும் பாடல் வறுமையைப் பெருமிதத்துடன் நினைவுகூர்கிறது. அவ்வறுமையாற் கொழுத்தவர் யாவர் என வினவவில்லை. வீட்டின் அதிகாரத்தை எதிர்த்த குரல் சுரங்க வாயிலில் அடங்கிவிடுகிறது. விடுபட்ட அவ்வினாவை எழுப்புதல் கேட்போராகிய நமது கடமையாகும்.