செலவு யாருடையது?

முதியவர்களைச் சினிமா பெரும்பாலும் சாட்சிக் கூண்டில்தான் நிறுத்தி வந்திருக்கிறது. பிள்ளைகளின் கல்நெஞ்சுக்குச் சாட்சி, மாறிவிட்ட காலத்துக்குச் சாட்சி. அவர்கள் தமக்கென்று எதையும் வேண்டுவதில்லை. வேண்டினால் பார்வையாளனின் அனுதாபம் வற்றிவிடும் என்று டைரக்டர்களுக்குப் பயம். கிழவனும் கிழவியும் ஒருவரையொருவர் வெறுக்கக்கூடும், இச்சிக்கக்கூடும், வதைக்கக்கூடும் என்பது இந்தக் கண்ணீர்க் கணக்கில் சேராத விஷயம். ஹனீஃப் குரேஷி எழுதி ரோஜர் மிச்செல் டைரக்ட் செய்த ‘லெ வீக்எண்ட்’ (2013) இந்தக் கூண்டை உடைக்க முயல்கிறது. எவ்வளவு தூரம் உடைத்திருக்கிறது என்பதே நமக்கு முக்கியம்.

இதற்கு முன் இந்தப் பொருளைத் தொட்ட இரண்டு பெரும் படைப்புகளை மனசில் கொள்ளாமல் இந்தப் படத்தைப் பேச முடியாது. ஒன்று லியோ மெக்கேரியின் ‘மேக் வே ஃபார் டுமாரோ’ (1937). மற்றது ஓஸுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953). இரண்டிலும் வயதான தம்பதி நகரத்துக்குப் போகிறார்கள். இரண்டையும் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: செலவு யாருடையது?

மெக்கேரியின் தம்பதி வீட்டை இழந்து, பிள்ளைகளின் வீடுகளில் ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்து வைக்கப்பட்டவர்கள். நிரந்தரமாகப் பிரியுமுன் நியூயார்க்கில் ஒரு மாலை அவர்களுக்குக் கிடைக்கிறது. பிள்ளைகள் காத்திருக்கும் சாப்பாட்டுக்குப் போகாமல், ஐம்பது வருஷத்துக்கு முன் தேனிலவுக்கு வந்து தங்கிய ஓட்டலுக்குப் போகிறார்கள். கார் விற்கிறவன் தன் காரில் ஏற்றிப் போய் இறக்குகிறான். ஓட்டல் மானேஜர் உபசரிக்கிறார். வாத்தியக்காரர்கள் அவர்களுக்காக மெட்டை மாற்றுகிறார்கள். அந்த மாலையின் செலவை முன்பின் தெரியாதவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். ஓஸுவிலோ பிள்ளைகள் பணம் போட்டு அப்பா அம்மாவை அடாமியின் வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்புகிறார்கள். அன்பினால் அல்ல, வீட்டில் இடைஞ்சல் என்பதால். ராத்திரியெல்லாம் இரைச்சலில் தூங்க முடியாமல், காலையில் கடலோரச் சுவரில் உட்கார்ந்தபடி, ஊர் திரும்பிவிடலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். ஒன்றில் அந்நியர்களின் கருணை; மற்றதில் பிள்ளைகளின் சௌகரியம். இரண்டிலும் அவர்கள் பிறர் செலவில் நகரத்தைப் பார்த்தவர்கள்.

நிக்கும் மெக்கும் யாருடைய தயவிலும் பாரிஸ் வரவில்லை. பர்மிங்ஹாம்காரர்கள், இருவரும் ஆசிரியர்கள், கல்யாணமாகி முப்பது வருஷம். மோன்மார்த்தர் பகுதியில் தேனிலவின்போது தங்கிய அதே ஓட்டல். அறைக்குள் நுழைந்ததும் மெக்குக்கு அதன் மங்கல் நிறம் பிடிக்கவில்லை. வேறு காரணம் எதுவும் சொல்லப்படுவதில்லை. வெளியேறி டாக்சியில் ஏறி, ஊரைச் சுற்றிவிட்டு, தங்களுக்குக் கட்டுபடியாகாத ஓட்டலில் கட்டுபடியாகாத அறை ஒன்றை எடுத்துவிடுகிறார்கள். மெக்கேரி புனிதமாக ஏற்றி வைத்த தேனிலவு ஓட்டலை இந்தப் படம் சில நிமிஷங்களில் நிராகரித்து விடுகிறது. நினைவு ஒரு சின்ன அறை, அதில் இருவருக்கு மூச்சு முட்டுகிறது என்று வசனம் எதுவும் வந்து விளக்குவதில்லை. படத்தின் மிக நேர்மையான இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

குரேஷியும் மிச்செலும் முதுமையின் இச்சை பற்றி இதற்கு முன்பும் படம் எடுத்திருக்கிறார்கள். ‘தி மதர்’ (2003) படத்தில் கணவனை இழந்த பெண் ஒருத்தி தன்னைவிட மிக இளையவனை நாடுகிறாள். ‘வீனஸ்’ (2006) படத்தில் கிழ நடிகர் ஒருவர் (பீட்டர் ஓடூல்) ஓர் இளம் பெண்ணைச் சுற்றி வருகிறார். இரண்டிலும் இச்சைக்கு இளமை என்ற சாக்கு இருந்தது. அதிர்ச்சி என்ற லாபமும் இருந்தது. ‘லெ வீக்எண்ட்’டில் இந்த இரண்டும் இல்லை. முப்பது வருஷமாகப் பக்கத்தில் படுத்தவளைத் தொட ஒருவன் அனுமதி கேட்கிறான். அவள் மறுக்கிறாள், கேலி செய்கிறாள், மண்டியிட்டுத் தவழ வைக்கிறாள். தெருவில் அவள் தள்ளியதில் அவன் விழுந்து முழங்காலில் அடிபடுகிறது. அடுத்த காட்சியிலேயே இருவரும் சாப்பாட்டுக்கடையில் பில் கட்டாமல் சிறுபிள்ளைகள் மாதிரி ஓடுகிறார்கள். அன்பிலிருந்து வெறுப்புக்கும் வெறுப்பிலிருந்து அன்புக்கும் போகிற இந்தத் தூரம் வயதாக ஆகக் குறைந்துகொண்டே போகிறது என்பதை ஜிம் பிராட்பென்டும் லிண்ட்ஸே டங்கனும் முகத்திலேயே காட்டிவிடுகிறார்கள். அனுதாபத்தை எதிர்பார்க்கிற நடிப்பு அல்ல இது.

ஏன் பாரிஸ்? 1994ல் கடலடிச் சுரங்கத்தில் ரயில் ஓடத் தொடங்கியபின் லண்டன்காரனுக்கு எடின்பரோவைவிட பாரிஸ் கிட்டே. ஆனால் நிக் வந்து இறங்குவது அந்த பாரிஸில் அல்ல. அறுபதுகளில் இடதுசாரிக் கனவோடு வளர்ந்த ஆங்கிலப் படிப்பாளிக்கு பக்கத்து நாடு என்பது தன் நாட்டில் செய்யத் துணியாதவற்றையெல்லாம் பத்திரப்படுத்தி வைத்த அலமாரி. புரட்சி, தத்துவம், காமம் எல்லாம் அங்கே இருக்கின்றன. தேவைப்பட்டால் போய் எடுத்துக்கொள்ளலாம். முப்பது வருஷம் கழித்து அலமாரியைத் திறந்தால், டோனி பிளேர் படுத்த அறை என்ற பெருமையோடு ஒரு ஓட்டல் அறை கிடைக்கிறது. இதைவிடக் கசப்பான அரசியல் விமர்சனம் படத்தில் இல்லை. 2020ல் பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேறியபின் பார்க்கும்போது இந்தக் கசப்பு கூடித் தெரிகிறது. பக்கத்து நாட்டை ஆசைகளின் கிடங்காக மட்டுமே வைத்திருந்தவர்கள் அதை ஒருநாளும் பக்கத்து நாடாகப் பார்க்கவில்லை.

இனி குறைகள். கேம்பிரிட்ஜ் நாட்களின் நண்பன் மார்கன் (ஜெஃப் கோல்ட்ப்ளம்) வீட்டு விருந்தில் படம் தன் பிடியைத் தளர்த்துகிறது. மார்கன் பிரபலமான எழுத்தாளன், பணக்காரன், புது மனைவியோடு பாரிஸில் வாழ்கிறவன். நிக் அடையாதவற்றை எல்லாம் ஒரே ஆளின் மேல் சுமத்தியிருப்பதால் அவன் பாத்திரமாக இல்லாமல் எதிர்வாதமாக நிற்கிறான். அவன் எல்லோர் முன்னிலையிலும் நிக்கைப் புகழ, நிக் பதிலுக்குத் தன் தோல்விகளைப் பட்டியலிடுகிறான்: ஒரு மாணவியிடம் சொன்ன வார்த்தைக்காக வேலை போய்விட்டது, கையில் காசில்லை, மனைவி நழுவிக்கொண்டிருக்கிறாள். கேட்க உக்கிரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அறையின் நிறத்தை வைத்தே ஒரு மணவாழ்வின் நிலையைக் காட்டத் தெரிந்தவர்கள் இங்கே எல்லாவற்றையும் வாயால் சொல்லித் தீர்க்கிறார்கள். எழுத்தாளர் டைரக்டரை முந்திவிட்ட இடம்.

முடிவு இன்னும் சிக்கலானது. ஓட்டலில் கிரெடிட் கார்டு செல்லாமல் போய், வழியில்லாமல் ஒரு காபிக்கடையில் உட்கார்ந்து மார்கனைக் கூப்பிடுகிறார்கள். அவன் வருகிறான். மூவரும் எழுந்து ஆடுகிறார்கள். கோதாரின் ‘பாந்த் அ பார்’ (1964) படத்தில் அன்னா கரினாவும் சாமி ஃப்ரேயும் கிளோட் பிராஸரும் காபிக்கடையில் ஆடிய அதே மாடிஸன் நடனம். கோதார் அங்கே சங்கீதத்தை இடையிடையே வெட்டிவிடுகிறார். காலடியும் கைதட்டலும் மட்டும் கேட்க, தம் குரலிலேயே மூவரின் மனத்திலும் ஓடுவதைச் சொல்கிறார். உடம்புகள் ஒரே தாளத்தில் போகின்றன, மனங்கள் மூன்று திசையில். மிச்செலின் நடனத்தில் இந்தக் குரல் இல்லை. இருக்கத் தேவையும் இல்லை. உள்ளே இருந்ததெல்லாம் விருந்து மேஜையில் கொட்டப்பட்டுவிட்டது. இளைஞர்களுக்கு மறைக்க நிறைய இருந்தது. இவர்களிடம் மிஞ்சியிருப்பது உடம்பு மட்டும், அதுவும் முழங்காலில் அடிபட்ட உடம்பு. இப்படிப் பார்க்கையில் நடனம் வெறும் மேற்கோளாக இல்லாமல் அர்த்தம் பெறுகிறது.

ஆனாலும் நெருடுகிறது. தம்பதி சாப்பாட்டுக்கடையில் பில் கட்டாமல் ஓடியதுபோல, டைரக்டரும் கடைசியில் கோதாரின் கணக்கில் எழுதிவிட்டு நழுவுகிறார். இவர்களுடைய இளமையே அந்தச் சினிமாவிலிருந்து வாங்கியதுதான், ஆகவே கடன் நியாயம் என்று வாதிக்கலாம். வாதம் சரி. ஆனால் அதன் விளைவு என்ன? முதுமையின் விடுதலை மறுபடியும் இளமையின் அபிநயமாகவே காட்டப்படுகிறது. ஓஸுவின் கிழவனும் கிழவியும் கடலோரச் சுவரில் உட்கார்ந்திருக்கும் அந்த ஷாட்டை எந்த இளைஞர்களை வைத்தும் எடுக்க முடியாது. அந்த உருவம் முதுமைக்கே உரியது, முதுமையின் உள்ளிருந்து கண்டெடுத்தது. நிக்கையும் மெக்கையும் விருந்தாளி நிலையிலிருந்து விடுவித்தது மிச்செலின் சாதனை. சாதாரணச் சாதனை அல்ல. ஆனால் விடுதலையானவர்கள் எப்படி நடப்பார்கள், எப்படி உட்கார்வார்கள் என்று காட்ட ஓர் உருவம் அவருக்குக் கிட்டவில்லை. ஓட்டல் பில் பாக்கி இருக்கிறது, திங்கட்கிழமை இருக்கிறது, பர்மிங்ஹாம் இருக்கிறது. படம் நிற்கிற இடத்தில்தான் அதன் உண்மையான வேலை தொடங்குகிறது.